சொல்லாமல் சுமக்கும் கவலை
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் வெள்ளிக்கிழமைகளில் நமது ஆலயத்தின் அர்ச்சனைச் சீட்டு முகப்பில் அமர்கிறேன். பெயரும் நட்சத்திரமும் எழுதிக்கொண்டு, "என்னம்மா விசேஷம்?" என்று கேட்டால், பெரும்பாலோர் "சும்மாதான் சார்" என்பார்கள். அந்தச் 'சும்மா'வைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஓர் அம்மையார். பெயர் வேண்டாம், அவருடைய இசைவு பெற்றே சொல்கிறேன். வாரந்தவறாமல் மகன் பெயருக்கு அர்ச்சனை செய்வார். மகன் ஜொகூர் பாருவிலிருந்து விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார்சைக்கிளில் புறப்பட்டுச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். 1924-இல் திறக்கப்பட்ட பாலம். நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். அதைக் கடக்கும் பாட்டை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2020 மார்ச் 18-இல் எல்லை மூடப்பட்டபோது மகன் அந்தப் பக்கமே தங்கிவிட்டார். அன்று அக்கவலையை அம்மையார் எல்லாரிடமும் சொன்னார். ஊருக்கே அந்தக் கவலை இருந்தது. 2022 ஏப்ரல் 1-இல் வழி திறந்தது. அதன்பின் யாரும் கேட்கவில்லை. "இனி என்ன கவலை?" என்று நாமே சொல்லிவிடுவோமே!

வயிற்றெரிச்சலுக்குக் காஸ்ட்ரிக் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வந்தார். ஒரு மழை நாளில் பூசை முடிந்தும் தூணருகே உட்கார்ந்திருந்தார். நானும் போய் அமர்ந்தேன்.

"இப்பல்லாம் மோட்டார் சத்தமே கேக்கிறதில்ல சார். கேட் திறக்கிற வரைக்கும் எனக்கு உயிரே இல்ல. அவன் உள்ளே வந்ததும் தூங்குற மாதிரி கண்ணை மூடிக்குவேன். தெரிஞ்சா அவனுக்குப் பாரம்."

மகன் என் பழைய மாணவர். பின்னொரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார்: "அம்மா தூங்குவாங்க சார். அதனால தெருமுனையிலேயே என்ஜினை நிறுத்திட்டு வண்டியைத் தள்ளிக்கிட்டு வருவேன்."

எனக்குப் பேச்சு எழவில்லை. ஒருவரிடம் கேட்டதை மற்றவரிடம் சொல்வது முறையன்று. ஆகவே, மகனிடம் மனந்திறந்து பேசும்படி அம்மையாரைத்தான் கேட்டுக்கொண்டேன். அதற்கே மூன்று வாரம் பிடித்தது. அரசாங்கக் கிளினிக்கிலும் தூக்கமின்மையைச் சொல்லச் சொன்னேன். இப்போது மோட்டார் வாசல்வரை சத்தத்தோடு வருகிறது. பக்கத்து வீட்டாருக்குத்தான் சற்று வருத்தம்! அச்சம் முழுதும் போய்விடவில்லை. ஆனால் கேட் திறந்தபின் தாயும் மகனும் ஒரு குவளை தேநீர் குடிக்கிறார்களாம்.

பயப்படுவது பக்திக் குறைவு என்று நம்மில் சிலர் கருதுகிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. நடராசப் பெருமானின் வலது முன்கை அபயம் காட்டுகிறது. அஞ்சுகிறவர் வருவார் என்று தெரிந்துதானே அந்தக் கை உயர்ந்திருக்கிறது?

முகப்பின் அருகில் இன்னொரு நாற்காலி போட்டிருக்கிறோம். அதற்கு நன்கொடை கேட்கவில்லை, அஞ்ச வேண்டாம். பெண்களிடம் பேச நமது மாதர் பிரிவுச் சகோதரி ஒருவரும் இருப்பார். வெள்ளி மாலைப் பூசைக்குப் பிறகு, சும்மாவாவது வந்து உட்காருங்கள்.