எத்தனை சிசி?



புற்றுநோய்க்காக ஒரு மார்பகத்தை எடுத்த பெண்ணுக்கு, சிலிகோன் இம்ப்ளான்ட் வைத்து அதை மீண்டும் உருவாக்க முடியும். எந்த அளவில் வைப்பது என்பதில்தான் குழப்பம்.

உள்ளாடைக் கடையில் சொல்லும் 34, 36 இங்கே செல்லாது. இம்ப்ளான்ட்டுக்கு சிசி, அதாவது கன சென்டிமீட்டர் கணக்கு. ஆனால் டாக்டர் முதலில் டேப் வைத்து மார்பகத்தின் அடி அகலத்தை அளப்பார். அதற்கு மீறிய இம்ப்ளான்ட் அக்குள் பக்கம் பிதுங்கும். தோழி அழகுக்காக 300 சிசி வைத்துக்கொண்டாள் என்று ஒப்பிடாதீர்கள். அவளுக்குச் சொந்தத் திசு கூடவே இருக்கிறது. உங்களுக்கு இம்ப்ளான்ட்தான் ஏறக்குறைய முழு மார்பகமும்.

எடுத்த திசுவை ஆபரேஷன் தியேட்டரில் எடை போடுவார்கள். அந்த கிராம் கணக்கு டாக்டருக்கு நல்ல துப்பு. பலருக்கு முதலில் எக்ஸ்பாண்டர் என்ற பையை உள்ளே வைத்து, வாரக்கணக்கில் ஊசி வழியாக உப்புநீர் ஏற்றுவார்கள். தோல் மெல்ல மெல்ல இடம் கொடுக்கும். எனக்கு இந்த முறையில் பெரிய மரியாதை உண்டு. ஒவ்வொரு முறை ஏற்றிய பிறகும் ரவிக்கையைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்து, “இன்னும் கொஞ்சம்”, “போதும்” என்று அந்தப் பெண்ணே சொல்லலாம். அதன் பிறகுதான் நிரந்தர இம்ப்ளான்ட்.

மறுபக்கம் பெரிதாகவோ தளர்ந்தோ இருந்தால், அதைச் சிறிதாக்கியும் தூக்கித் தைத்தும் ஒப்பாக்கலாம். கதிர்வீச்சு சிகிச்சை உண்டென்றால் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இம்ப்ளான்ட்டைச் சுற்றித் தழும்பு இறுகும் வாய்ப்பு அப்போது அதிகம். ஆபரேஷனே வேண்டாம் என்பவர்களுக்கு, பிராவுக்குள் வைக்கும் செயற்கை மார்பகம் அவரவர் அளவில் கிடைக்கிறது.