ஓடுற மழைப் படத்தை நிறுத்திப் பாருங்க

அக்டோபர் பிறந்தாலே நம்ம வாட்ஸ்அப் குழுக்களில் மழைப் படங்கள் சுற்ற ஆரம்பிச்சிடும். ரேடார் படம், புயல் பாதை, சுழலும் மேகக்கூட்டம். சில விநாடி ஓடும், திரும்ப முதலிலிருந்து ஓடும். ரெண்டு தடவை பார்த்ததும் 'புரிஞ்சிடுச்சு'ன்னு தோணும். அங்கதான் கொஞ்சம் நிதானம் வேணும்.

அசையும் படத்தில் நம்ம கண் எதுக்குப் பின்னாடி போகுது? பெரிசா, பளிச்சுன்னு, வேகமா நகர்றதுக்குப் பின்னாடி. ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரிச்சர்ட் லோ வானிலை வரைபட அனிமேஷன்களை வைத்தே இதை ஆராய்ந்தார். துறை அறிவு இல்லாதவர்கள் கண்ணைக் கவர்வதைப் பிடித்துக்கொள்கிறார்கள். முக்கியமானது அடக்கமாக இருந்தால் விட்டுவிடுகிறார்கள்.

மழைப் படத்தில் அப்படி அடக்கமாக இருப்பது நேரம். ரேடார் படம் காட்டுவது நடந்து முடிந்த மழையை. வரப்போகும் மழையை அல்ல. கடைசிப் படத்திலிருந்து முதல் படத்துக்குத் தாவும்போது மேகம் கடலுக்கே திரும்பின மாதிரி இருக்கும். மேகம் திரும்பல, படம்தான் திரும்பிச்சு! நேரத்துக்குப் பக்கத்தில் 'யூ.டி.சி.' என்றிருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கோங்க. அங்கே காலை 6 என்றால் நமக்கு 11.30.

புயல் பாதையில் விரிந்துகொண்டே போகும் கூம்பைப் பார்த்திருப்பீங்க. அது புயலின் அகலம் இல்லை. புயலின் மையம் எந்தப் பக்கமெல்லாம் போகக்கூடும் என்பதற்கான எல்லை. காற்றும் மழையும் அதைத் தாண்டியும் வரும். 'எங்க ஊர் கூம்புக்கு வெளியே இருக்கு'ன்னு படகை எடுத்துடாதீங்க.

சரி, எப்படிப் பார்க்கிறது? ஆய்வாளர் மேரி ஹெகார்ட்டியும் குழுவினரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், கழிப்பறை ஃபிளஷ் தொட்டி எப்படி வேலை செய்யுதுன்னு மாணவர்களுக்குக் காட்டினார்கள். அசையும் படம், அசையாத படங்களை விட நன்றாகப் புரியவைக்கவில்லை. 'அடுத்து எது எப்படி நகரும்?' என்று முதலில் யோசிக்கச் சொன்னது உதவியது.

நீங்களும் அதைச் செய்யலாம். படம் வந்ததும் முதலில் தேதியைப் பாருங்க (போன வருஷப் புயல் இந்த வருஷமும் ஃபார்வர்டு ஆகும்). உங்க ஊரைத் தேடி விரலை வைங்க. அடுத்து எந்தப் பக்கம் நகரும்னு நீங்களே சொல்லிட்டு, அப்புறம் ஓடவிடுங்க. நிறுத்த முடியாத படமா? ஸ்கிரீன்ஷாட் எடுங்க.

அப்பவும் சந்தேகம்னா மாவட்டத்துக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070.