காற்றை மறுத்துப் பெறும் தெளிவு

நகரத்துக் கழிவுநீரைச் சுத்திகரித்து ஆற்றிலோ ஏரியிலோ விடுவதற்கு முன் அதன் அழுக்கையும் துர்நாற்றத்தையும் போக்கிவிட்டால் போதும் என்று நெடுங்காலம் கருதி வந்தார்கள். ஆனால் கண்ணுக்குத் தெளிவாய்த் தோன்றும் அந்நீரில் கரைந்து நிற்கும் பாஸ்பரஸ், லிட்டருக்குச் சில மில்லிகிராமே ஆயினும், பாசியை அளவின்றிப் பெருக்கிவிடுகிறது. அப்பாசி மடிந்து அழுகும்போது நீரின் பிராணவாயு தீர்ந்து மீன்கள் மாண்டுபோகின்றன. படிகாரத்தையோ இரும்பு உப்பையோ கலந்து பாஸ்பரஸைப் படிய வைக்கலாம். எனினும் அதில் ரசாயனச் செலவு ஓயாது, கசடும் பெருகும். அதே காரியத்தை நுண்ணுயிர்களைக் கொண்டு சாதிக்கும் முறையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இதற்கான முதல் தடயங்களுள் ஒன்று பெங்களூரில் கிடைத்தது. இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஸ்ரீநாத், சாஸ்திரி, பிள்ளை ஆகிய மூவரும், நுண்ணுயிர்கள் நிறைந்த, நன்கு காற்றூட்டிய கசடு பாஸ்பேட்டை விரைந்து மிகுதியாக ஈர்ப்பதை 1959-இல் எழுதி வெளியிட்டார்கள். 1965-இல் அமெரிக்காவில் லெவினும் ஷபீரோவும், காற்றில்லாதபோது கசடு அதைத் திரும்ப வெளிவிடுவதையும் காட்டினார்கள். தென்னாப்பிரிக்காவின் ஜேம்ஸ் பர்னார்டோ, 1970-களில் பிரிட்டோரியாவின் டாஸ்பூர்ட்டில் நைட்ரஜனை நீக்குவதற்காக நடத்திய சோதனையில் பாஸ்பரஸும் குறைவதைக் கண்டு, கசடு முதலில் காற்றும் நைட்ரேட்டும் இல்லாத ஒரு கட்டத்தைக் கடந்தாக வேண்டும் என்ற சூட்சுமத்தை வகுத்துரைத்தார்.

அந்தச் சூட்சுமத்தில்தான் இக்கலையின் அழகெல்லாம் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். காற்று மறுக்கப்பட்ட முதல் தொட்டியில் மற்ற பாக்டீரியாக்கள் பெரும்பாலும் செயலற்றிருக்க, ஒரு வகை மட்டும், பத்தாயத்து நெல்லைப் போலத் தனக்குள் சேமித்து வைத்த பாலிபாஸ்பேட்டை உடைத்துச் சக்தி பெற்று, கழிவுநீரின் அசிட்டிக் அமிலம் போன்ற ஆகாரத்தைக் கவர்ந்து, கொழுப்பையொத்த பொருளாக்கி உடலில் வைத்துக்கொள்கிறது. அப்போது நீரில் பாஸ்பேட் பன்மடங்கு உயர்ந்து, முறையே தோற்றதுபோல் காணும். உண்மையில் அந்த உயர்வுதான் வெற்றியின் அறிகுறி. அடுத்த தொட்டியில் காற்று கிடைத்ததும், சேமித்த ஆகாரத்தை எரித்துப் பெருகும் அந்த உயிர்கள், வெளிவிட்டதையும் கழிவுநீர் கொணர்ந்ததையும் சேர்த்து இழுத்துக்கொள்கின்றன. அவ்வேளையில் கசட்டில் ஒரு துளியை எடுத்து நைசர் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், மஞ்சள் பழுப்பான பரப்பில் கருநீலப் பொட்டுக்களாகப் பாலிபாஸ்பேட் மணிகள் தெரியும். சாதாரணக் கசட்டின் உலர்ந்த எடையில் நூற்றுக்கு ஏறக்குறைய 2 பங்கே பாஸ்பரஸ். இதிலோ 5 பங்குக்கும் மேல் ஏறக்கூடும். அக்கசட்டில் ஒரு பகுதியை அன்றாடம் வெளியேற்ற, பாஸ்பரஸும் உடன் செல்கிறது.

குறைகளும் உண்டு. முதல் தொட்டிக்குள் நைட்ரேட் புகுந்தால் வேறு பாக்டீரியாக்கள் ஆகாரத்தைத் தின்றுவிடும். வெப்பம் மிகுந்தால், பாஸ்பரஸைத் தொடாமலே அதே ஆகாரத்தைக் கவரும் கிளைகோஜன் சேர்ப்பிகள் தலையெடுக்கக்கூடும். ஆயினும் சிங்கப்பூரின் வெப்பத்திலும் இம்முறை பலித்திருப்பதால், உஷ்ண தேசத்தார் இதைக் கைவிட நியாயமில்லை. கசடு காற்றின்றித் தேங்கினால் பாஸ்பேட் மீண்டும் நீரில் கசிந்துவிடும் என்பது மற்றொரு குறை. அந்தக் குறையையே பயனாக்கி, கனடாவின் எட்மன்டன் நகரில் 2007 முதல், கசிந்த பாஸ்பேட்டுடன் மக்னீசியம் சேர்த்து, ஸ்ட்ரூவைட் என்னும் வெண்மணிகளாக உறையச் செய்து, வயலுக்கு உரமாக்கினார்கள்.