பட்டமும் பயிற்சியும்



கல்லூரிப் பட்டம் பெறாத ஒருவர் தொழில்நுட்பத் துறையில் முன்னேறக் கூடுமா? மாணவர் பலர் என்னிடம் கேட்ட கேள்வி இது. முன்னேறக் கூடும், ஆனால், அதற்கு ஒரு விலையும் உண்டு.

மைக்கேல் பாரடே 1791ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். 14ஆம் வயதில், லண்டன் நகரில் புத்தகம் கட்டுபவர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்தார். அவற்றிற் கண்ட எளிய சோதனைகளைத் தாமே செய்தும் பார்த்தார். 1812இல் வேதியியல் அறிஞர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, படங்களும் வரைந்து, நூலாகக் கட்டி அவருக்கே அனுப்பினார். அடுத்த ஆண்டில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியல் நிலையத்தில் டேவியின் உதவியாளரானார். பட்டம் செய்யவேண்டிய வேலையை அந்தக் குறிப்பேடு செய்தது. 1831இல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே மின்னாக்கிகளுக்கு அடிப்படையாயிற்று.

விலை யாது? உயர்கணிதக் கல்வி அவருக்கு வாய்க்கவில்லை. அவருடைய கருத்துகளுக்குக் கணித வடிவம் தந்தவர், கேம்பிரிட்ஜில் பயின்ற மாக்ஸ்வெல் ஆவார்.

ஆகவே, கல்லூரியில் சேர இயலாதவர் இரண்டு செயல்களை மேற்கொள்ள வேண்டும். கணினி நிரலாயினும், மின்மோட்டாராயினும், தாம் கற்றதைப் பிறர் சோதித்துப் பார்க்கும்படி செய்து காட்டவேண்டும். தமக்குக் குறைவான அடிப்படைப் பாடத்தை நாள்தோறும் பயிலவேண்டும். தொழிற்பயிற்சி நிலையமும் பாலிடெக்னிக்கும் அதற்குத் துணை செய்யும்.

கல்லூரி செல்ல வாய்ப்புள்ளவர் அதனைக் கைவிட வேண்டா. வாய்ப்பில்லாதவர் மனந்தளர வேண்டா.