‘ஆமா’ போட ஆள் வேண்டும்

(நம் சங்கக் கூட்டத்தில், சொந்தமாகத் தொழில் தொடங்கியிருக்கும் நம் குடியிருப்புப் பிள்ளைகளுக்காகப் பேசியது.)

பேங்க் கவுண்டரில் காலம் தள்ளியவன் ஸ்டார்ட்-அப் பற்றிப் பேசுவதா என்று நீங்கள் நினைக்கலாம். எனக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்குப் புரிந்ததா இல்லையா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். ‘கேஒய்சி அப்டேட் பண்ணணும்’ என்றால் தலையாட்டிவிட்டுப் போய், மறுவாரம் அதே சந்தேகத்தோடு வருவார்கள். ‘பாட்டி, ஆதாரும் ஒரு போட்டோவும் கொண்டு வாங்க, இல்லேன்னா பென்ஷன் எடுக்க முடியாது’ என்றால் மதியத்துக்குள் வந்துவிடுவார்கள்.

2018, என் கடைசி வருட சர்வீஸ். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு பையன் கடன் கேட்டு வந்தான். கூடவே இருபது பக்கத் திட்ட அறிக்கை. ஐஓடி, கிளவுட், பிளாட்ஃபார்ம், சொல்யூஷன் என்று பக்கத்துக்குப் பத்து வார்த்தை. மேனேஜர் நாலு பக்கம் புரட்டினார். கோப்பு திரும்பிவிட்டது. ஈடு காட்டச் சொத்து இல்லாததும் ஒரு காரணம், அதை மறைக்கவில்லை.

சாயங்காலம் டீக்கடையில் அவனைப் பார்த்தேன். “மக்களே, நீ செய்யப்போறது என்ன சாமான்?” என்றேன்.

“எங்க மாமா சின்னத்துறையிலேருந்து ஆழ்கடலுக்குப் போனவர் சார். கரையில எச்சரிக்கை சொன்னப்போ அவர் போட்டு வயர்லெஸ் எட்டாத தூரத்துல இருந்துது. திரும்பி வரல. அந்த ஒரு சேதி போட்டுக்குப் போய்ச் சேர ஒரு பெட்டி செய்யப் பார்க்கேன்.”

அரை நிமிஷம் ஆகியிருக்காது. “இத ஏண்டே எழுதல?” என்று கேட்டேன். “அது வீட்டு விஷயம் சார், ரிப்போர்ட்ல எழுதினா நல்லாருக்காதுன்னு நெனச்சேன்” என்றான்.

2019 அக்டோபரில் மத்திய அரசு ‘ஜெமினி’ என்று ஒரு கருவியை வெளியிட்டது. ககன் செயற்கைக்கோள் வழியாக நடுக்கடலுக்கு எச்சரிக்கை போகும். போட்டிலிருந்து திருப்பிப் பேச முடியாது. செய்தியைப் படித்தபோது அந்தப் பையன் ஞாபகம் வந்தது. அதற்குள் அவன் திருவனந்தபுரத்தில் வேலைக்குப் போய்விட்டான். டீக்கடையில் கேட்டதைக் காலையிலேயே கவுண்டரில் கேட்டிருக்கலாம் என்பது எனக்கு இன்னும் உறுத்தல்தான்.

பெரிய கம்பெனியின் கதையும் இப்படித்தான் சின்னதாக இருக்கிறது. ஃபிரெஷ்வொர்க்ஸ் நிறுவிய கிரிஷ் மாத்ருபூதம் திருச்சிக்காரர். அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு வீடு மாற்றியபோது அவர் டிவி உடைந்துபோனது. மாதக்கணக்கில் அலைந்தும் இழப்பீடு வரவில்லை. இணையத்தில் நாலு பேர் பார்க்க எழுதினார், பணம் வந்துவிட்டது. வாடிக்கையாளர் புகார் இனி பொதுவில்தான் பேசப்படும் என்று அவருக்குப் பட்டது. 2010-ல் ஷான் கிருஷ்ணசாமியோடு சேர்ந்து தொடங்கினார். 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போனபோதும் உடைந்த டிவி கதை கூடவே போனது. மென்பொருள் தெரியாத என் மனைவிக்கும் அது புரிகிறது.

நம் ஊர்க் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள் நாம். புலவர் ஒரு வரி சொல்வார், பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுவார். அது வெறும் அலங்காரம் என்று சின்ன வயதில் நினைத்தேன். கூட்டம் கதையோடு வருகிறதா என்று பார்த்துக்கொள்ளும் வழி அது என்று இப்போது தோன்றுகிறது. உங்கள் ஸ்லைடு முப்பதையும் ஒரே மூச்சில் ஓட்டினால் ‘ஆமா’ எங்கே நின்றது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

காமர்ஸ் படித்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். கதையில் கண் கலங்கியவரும் அடுத்து வரவு செலவைத்தான் கேட்பார். மாதம் எவ்வளவு கரைகிறது, கையில் இருப்பது எத்தனை மாதம் வரும், இந்த இரண்டையும் தாளைப் பார்க்காமல் சொல்லத் தெரிய வேண்டும். இல்லாத வாடிக்கையாளரைக் கதையில் சேர்க்காதீர்கள். பேங்க்காரன் போன் போட்டுக் கேட்பான், நானே கேட்டிருக்கிறேன்.

ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்குக் கீழே சங்க அறையில் இருப்பேன். லேப்டாப் வேண்டாம். வந்து சொல்லுங்கள், நான் ‘ஆமா’ போடுகிறேன். நிறுத்தினால், அந்த இடத்திலிருந்து மறுபடி சொல்லுங்கள். சுக்குக் காப்பி எங்கள் வீட்டிலிருந்து வரும்.