காதைச் சோதிக்கும் முன் கதையைக் கேட்க வேண்டும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



“அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. டிவியை அலற விடுகிறார்.” பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடாக இருந்தாலும் கிள்ளான் தாமானாக இருந்தாலும், பிள்ளைகள் கிளினிக்கில் சொல்லும் முதல் வார்த்தை இதுதான். குறை ஒன்றுபோல் தெரிகிறது. ஆனால், அதற்குப் பின்னால் இருக்கும் நோய்கள் பல. காதுக்குள் திரண்ட அழுக்கும் காரணமாகலாம், புற்றுநோயும் காரணமாகலாம். எது என்று பிரித்தறிவதே செவித்திறன் நிபுணரின் வேலை.

மலேசியாவில் இத்துறைக்கான பட்டப்படிப்பை 1995-ஆம் ஆண்டில் முதன்முதலாகத் தொடங்கியது மலேசிய தேசியப் பல்கலைக்கழகம். அதற்கு முன்பு வெளிநாடு சென்று படித்து வந்தவர்களையே நாடு நம்பியிருந்தது. இப்படிப்பில் காதின் அமைப்பையும் கருவிகளையும் புத்தகத்தில் கற்கலாம். நோயைக் கண்டுபிடிக்கும் கலையை மட்டும் நோயாளிகளின் கதைகளிலிருந்துதான் கற்க முடியும். ஒருவரின் வயது, தொழில், குறை, சோதனை முடிவு ஆகியவற்றை மாணவர் முன் வைத்து, “இவருக்கு என்ன?” என்று கேட்பதே உலகெங்கும் உள்ள முறை. கிள்ளான் பள்ளத்தாக்கு வாழ்க்கைக்கு ஏற்ற சில எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம். இவை எந்தத் தனி மனிதரின் கதையும் அல்ல.

முதலாமவர் கிள்ளானில் 25 ஆண்டுகள் தொழிற்சாலையில் உழைத்தவர், வயது 54. “பேசுவது கேட்கிறது, ஆனால் புரியவில்லை” என்கிறார். அவசரப்படும் மாணவர் “வயதாகிவிட்டது” என்று எழுதிவிடுவார். ஓடியோகிராம் எனப்படும் கேட்கும் திறன் வரைபடம் வேறு கதை சொல்கிறது. தாழ்ந்த ஒலிகள் நன்றாகக் கேட்கின்றன. 4000 ஹெர்ட்ஸ் அருகே மட்டும் கோடு பள்ளமாக விழுந்து, 8000 ஹெர்ட்ஸில் மீண்டும் சற்று மேலே ஏறுகிறது. முதுமையால் வரும் குறையில் கோடு இப்படி ஏறுவதில்லை, சரிந்துகொண்டே போகும். ஆகவே, இது இயந்திர இரைச்சல் செய்த வேலை. மெய்யெழுத்துகளை அடையாளம் காட்டும் ஒலிகள் பெரும்பாலும் உயர்ந்த அலைவரிசையில் இருப்பதால், அவருக்குப் ‘பால்’ என்பதும் ‘கால்’ என்பதும் ஒன்றாகவே ஒலிக்கின்றன.

இந்த வேறுபாடு ஏட்டுச் சுரைக்காய் அல்ல. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு சொக்சோ சட்டத்தின் கீழ்த் தொழில்சார் நோயாகும். வயதுதான் காரணம் என்று எழுதப்பட்டால் அந்தத் தொழிலாளியின் உரிமை அங்கேயே அடிபட்டுப் போகலாம். 1989-ஆம் ஆண்டு விதிமுறை 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரை அனுமதித்தது. 2019-இல் நடப்புக்கு வந்த புதிய விதிமுறை அந்த வரம்பை 85 டெசிபலாகக் குறைத்தது. அழிந்த செவி உணர்வணுக்கள் திரும்ப வளர்வதில்லை. காது கேட்கும் கருவி உதவும். காதுக் கவசம் அணிந்தால் மிச்சமிருப்பதாவது தப்பும்.

இரண்டாமவர் 30 வயதுத் தாய். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு இரு காதுகளும் மந்தமாகிவிட்டன. “ஆனால், சந்தடியான இடத்தில் மற்றவர் பேசுவது எனக்கு நன்றாகக் கேட்கிறது” என்கிறார். விந்தையாகத் தோன்றும் இந்த வாக்கியமே நோயின் சாவி. இசைக்கவையைத் தட்டிக் காதின் பின்புற எலும்பில் வைக்கிறார்கள். ஒலி நின்றதும் அதைக் காதின் முன்னே பிடிக்கிறார்கள். நல்ல காது என்றால் ஒலி மீண்டும் கேட்கும், இவருக்குக் கேட்கவில்லை. ரின்னே என்ற ஜெர்மானிய மருத்துவர் 1855-இல் வெளியிட்ட இந்தச் சோதனைக்கு மின்சாரம்கூடத் தேவையில்லை. உட்செவி நன்றாக இருக்கிறது, ஒலி போகும் வழியில்தான் தடை என்று அது காட்டிவிடுகிறது. உடலிலேயே மிகச் சிறிய எலும்பான அங்கவடி எலும்பு அசைய முடியாமல் இறுகிப்போகும் நோய் இது. அறுவை சிகிச்சையால் பெரும்பாலோருக்குச் செவித்திறனை மீட்டுத் தர முடியும். “பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்” என்று வீட்டார் சொன்னதைக் கேட்டு இருந்துவிட்டால் நல்ல வாய்ப்பு நழுவிவிடும்.

மூன்றாவது கதை எச்சரிக்கை. 45 வயது ஆடவருக்கு ஒரு காது மட்டும் சில வாரங்களாக அடைத்திருக்கிறது. வலி இல்லை. அழுக்கும் இல்லை. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருப்பதைச் சோதனை காட்டுகிறது. குழந்தைகளுக்குச் சளியால் இப்படி வருவது சகஜம். பெரியவர் ஒருவருக்கு, அதுவும் ஒரு காதில் மட்டும், காரணமின்றி வந்தால் மூக்கின் பின்பகுதியைப் பார்த்தே ஆக வேண்டும். அங்கு வளரும் புற்றுநோய் காதுக்குப் போகும் குழலை அடைத்து இப்படிக் காட்டிக்கொடுப்பது உண்டு. மலேசிய ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் அதுவும் ஒன்று. சீனர்களிடம் கூடுதல் என்றாலும் மற்ற இனத்தவருக்கு வராது என்று எண்ணக் கூடாது.

அதேபோல், ஓரிரு நாளில் ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அது அவசர நிலை. “சளி இறங்கினால் சரியாகும்” என்று எண்ணெய் ஊற்றிக் காத்திருக்கக் கூடாது. மருந்து சில நாள்களுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

நான்காவது, மூன்று வயதாகியும் பேசாத பிள்ளை. “அவன் அப்பனும் இப்படித்தான், நாலு வயசுலதான் பேசினான்” என்று பாட்டி சமாதானம் சொல்கிறார். 1978-இல் டேவிட் கெம்ப் என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட கண்டுபிடிப்பால், உட்செவி திருப்பி அனுப்பும் மெல்லிய எதிரொலியைக் கருவியால் பதிவு செய்ய முடிகிறது. இப்பிள்ளைக்கு அந்த எதிரொலி இருக்கிறது. “காது நல்ல காது” என்று அனுப்பிவிடலாமா? கூடாது. பிறந்தபோது கடுமையான மஞ்சள் காமாலை இருந்ததா என்று கேட்கத் தெரிந்த மாணவர், மூளைத்தண்டு வரை ஒலி போய்ச் சேருகிறதா என்று இன்னொரு சோதனையும் செய்வார். அங்கே அலைகள் ஒழுங்காக வரவில்லை. காது வாங்கிய ஒலியை நரம்பு சீராகக் கொண்டுபோகவில்லை. 1996-இல்தான் இந்நோய்க்குத் தனிப் பெயரே கிடைத்தது. ஒரு சோதனையை மட்டும் நம்பினால் பிள்ளை பேச்சு பழகும் ஆண்டுகளை இழந்துவிடும். ஒரு மாதத்திற்குள் சோதனை, மூன்று மாதத்திற்குள் நோயறிதல், ஆறு மாதத்திற்குள் சிகிச்சை என்பது குழந்தைகளுக்கு உலகம் ஏற்றுக்கொண்ட கணக்கு.

கடைசிக் கதை மொழியைப் பற்றியது. தோட்டத்தில் வாழ்ந்து, பிறகு மகனோடு பட்டணம் வந்த 70 வயதுப் பாட்டி. ஒலிச் சோதனையில் சிறிய குறைதான். ஆனால், மலாய்ச் சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் சோதனையில் பாதிக்கு மேல் தவறு. நரம்புக் கோளாறோ, மறதி நோயோ என்று சந்தேகம் எழுகிறது. அதே பாட்டியிடம் தமிழ்ச் சொற்களைச் சொன்னால் ஏறக்குறைய எல்லாவற்றையும் சரியாகத் திருப்பிச் சொல்கிறார். கோளாறு காதில் இல்லை; சோதித்த மொழியில்தான். பல மொழி பேசும் நாட்டில் நோயாளியின் வீட்டு மொழியைக் கேட்டறிவதும் நோயறிதலின் ஒரு பகுதியே.

நோயை மட்டுமன்றி அதன் காரணத்தையும் ஆராயச் சொன்னவர் வள்ளுவர். அதற்கு நோயாளியின் துணையும் தேவை. மருத்துவரிடம் போகும்போது குறை எப்போது தொடங்கியது, ஒரு காதிலா இரண்டிலுமா, சீழ், இரைச்சல், தலைச்சுற்றல் உண்டா, என்ன வேலை, என்ன மருந்து, குடும்பத்தில் யாருக்காவது இக்குறை உண்டா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வீட்டுப் பெரியவர் தாமே பேசட்டும். பிள்ளைகள் குறுக்கிட வேண்டாம். “சந்தடியில் நன்றாகக் கேட்கிறது” என்பது போன்ற ஒரு வாக்கியத்தை அவர் வாயால் மட்டுமே சொல்ல முடியும்.