நாலந்தா கெடிகே

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், நாவுலையை அடையுமுன், கிழக்கே ஒரு சிறு பாதை பிரிகின்றது. அதன் முடிவில், நீர்த்தேக்கத்தின் ஓரமாக, கருங்கல்லாலான சிறு கோயில் ஒன்று நிற்கக் காணலாம். அதுவே நாலந்தா கெடிகே. கெடிகே என்பது பௌத்தரின் படிமக் கூடத்தைக் குறிக்கும் சிங்களச் சொல்லாகும்.

பெயரோ பௌத்தம், உருவமோ திராவிடக் கோயில். அதிட்டானம், மண்டபம், கருவறை, விமானம் ஆகிய அனைத்தும் மாமல்லபுரத்துக் கோயில்களை நினைவூட்டுவன. எனினும் உள்ளே புத்தர் உருவம் உண்டு. அடித்தளத்திலே ஆண்பெண் இணைவைக் காட்டும் சிதைந்த சிற்பம் ஒன்றும் உண்டு. தாந்திரிக நெறியின் அடையாளம் என்பர் ஆராய்ச்சியாளர். விமானத்தின் தென்புறக் கூட்டிலே அமர்ந்திருப்பவன் குபேரன்.

இக்கோயில் 8 ஆம் நூற்றாண்டுக்கும் 10 ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்பது பொதுவான கருத்து. அக்காலத்திற்குச் சற்று முன்னர், 684 இல், பல்லவ மன்னன் நரசிம்மவர்மனின் படைத்துணையுடன் மானவர்மன் அநுராதபுர அரியணை ஏறினான். படை சென்ற வழியே சிற்பக் கலையும் சென்றிருத்தல் இயல்பே. துறவிகளும் அவ்வழியே சென்றனர். தாந்திரிக பௌத்தத்தைச் சீனத்திற்குக் கொண்டுசென்ற வச்சிரபோதி, காஞ்சியிலும் அபயகிரி விகாரையிலும் தங்கியவர். 720 இல் சீனத்தை அடைந்தார். அவர் மாணாக்கர் அமோகவச்சிரர் 741 இல் நூல்களைத் தேடி இலங்கைக்குப் புறப்பட்டார்.

ஆதலின் ஒரே கூரையின்கீழ் இத்தனை குறிகள் கூடியது வியப்பன்று. குபேரனையே நோக்குக. இராமாயண மரபில் இராவணனுக்கு முன் இலங்கையை ஆண்ட தமையன் அவன். பௌத்த மரபில் வைசிரவணன் என்னும் பெயருடன் வடதிசையைக் காக்கும் தேவன். உருவம் ஒன்று, வணங்குவோர் இருவர்.

இவ்வழக்கம் பழங்கற்களோடு மறைந்துவிடவில்லை. வடக்கே, அதே மாத்தளை மாவட்டத்துத் தம்புள்ளைக் குகைகளிலே, புத்தர் படிமங்களோடு விஷ்ணுவும் சமன் தெய்வமும் இன்றும் இடம்பெற்றுள்ளனர். புத்தருக்கு மலர் சாத்தும் சிங்கள முதியவள், மகனின் நோய் தீர வேண்டி விஷ்ணுவையும் கைதொழுகின்றாள். மாத்தளை நகரத்து முத்துமாரியம்மன் கோயிலிலோ, மாசி மகத்தன்று ஐந்து தேர்கள் வீதியுலா வருகின்றன.

கெடிகே இந்துக் கோயிலாகத் தொடங்கியதா, பௌத்தக் கூடமாகவே எழுந்ததா என்னும் வினா அறிஞரிடையே உண்டு. அறிஞரின் வினா நன்மை பயப்பது. அதுவே, ‘இம்மண் எவருக்கு உரியது?’ என்னும் வழக்காக மாறுமாயின், கல்லின் சான்று பாதியே கேட்கப்படும். தமிழர் விமானத்தை மட்டும் காண்பர். சிங்களவர் புத்தரை மட்டும் காண்பர். இரண்டையும் ஒருங்கே அமைத்த சிற்பியை ஒருவரும் காணார்.

மகாவலித் திட்டத்தின் போவத்தன்ன நீர்த்தேக்கத்தால் பழைய இடம் நீரில் மூழ்கும் நிலை வந்தபோது, கோயிலைக் கல் கல்லாகக் கழற்றி, உயர்ந்த மேட்டிலே மீண்டும் அடுக்கினர். அப்பொழுது குபேரனின் கல்லும் தாந்திரிகச் சிற்பத்தின் கல்லும் புத்தர் உருவமும் விலக்கப்படாமல் தத்தம் இடத்தையே பெற்றன. கோயிலைக் காத்தவர் கைக்கொண்ட அந்நெறியை, அதனைக் காணச் செல்வோரும் கைக்கொள்ளுதல் வேண்டும்.